யார் கூற்று?

அவர் கண்ணில் படும்படி எதையும் எழுதி வைக்காதீர்கள் என்று எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லுவார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, பையனுக்குக் காய்ச்சல் என்று ஒரு லீவ் லெட்டர் கொடுத்தேன். துறைத்தலைவர் என்ற முறையில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கிப் படித்தார். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"எழுத்து உங்களுது. கூற்று உங்க வூட்டுக்காரருது."

உண்மைதான். 'தாங்கள் பெருமனது கொண்டு' என்று நான் ஜென்மத்துக்கும் எழுத மாட்டேன். என் கணவர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவர். அவர் சொல்லச் சொல்ல அடுப்படியில் நின்றபடி எழுதிக் கொண்டுவந்திருந்தேன். அன்று சிரித்து வைத்தேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தப் பெண்கள் கல்லூரி. தமிழ்த்துறையில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளைகள் அவரைப் பெரிய தமிழம்மா என்றும் என்னைச் சின்னத் தமிழம்மா என்றும் கூப்பிட்டார்கள். அது சுருங்கி அவர் பெரியம்மா ஆனார், நான் சின்னம்மா ஆனேன். எங்களுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது. அவர் பெயர் இங்கேயும் வேண்டாம்.

அகப்பாட்டு நடத்துகிற எல்லாருக்கும் கூற்று என்ற சொல் தெரியும். பாட்டில் பேசுவது யார் என்பதுதான் கூற்று. தலைவி பேசினால் தலைவி கூற்று, அவளுடைய தோழி பேசினால் தோழி கூற்று. புத்தகத்தில் பாட்டுக்கு அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நாங்கள் அதை வாசித்துவிட்டு அருஞ்சொற்பொருளுக்குப் போய்விடுவோம். பெரியம்மா போக மாட்டார். அந்தக் குறிப்பை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பலகையில் எழுதுவார். எழுதிவிட்டுச் சாக்பீசும் கையுமாக நின்று கேட்பார்.

"யாரு பேசுறா? யார்கிட்டப் பேசுறா? பக்கத்துல யாரு நிக்கிறா?"

இந்த மூன்றுக்கும் பதில் வராமல் ஒரு சொல்லுக்கும் பொருள் சொல்ல மாட்டார். ஒரே பாட்டில் மூன்று நாள் நின்றிருக்கிறார். போர்ஷன் நகராது. கடைசியில் ஓட்டமாய் ஓடி முடிப்பது என் தலையில் விழும். எனக்கு எரிச்சலாக இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். என் வகுப்பில் பிள்ளைகள் நோட்ஸ் எடுத்தார்கள். அவர் வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லூரிக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று உண்டு. வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊதும். ஊதிக் கொஞ்ச நேரத்தில் பெஞ்செல்லாம் ஒரு தடவை அதிரும். எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது, நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் சங்கு கேட்டதும் நிறுத்திவிடுவார். வெடித்து அடங்கிய பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். "சொல்லிட்டு வருதுல்ல, அதுக்கு ஒரு மரியாதை குடுக்கணும்" என்பார்.

ஒருநாள் லப்பைக்குடிக்காடு என்ற ஊரிலிருந்து வருகிற பெண் ஒருத்தி எழுந்து, "அம்மா, கூற்றுன்னா எமன்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை.

"ரெண்டும் உண்டுடி. வாயிலேருந்து வர்றதும் கூற்று, உசிரையும் உடம்பையும் கூறு போடுறவனும் கூற்று. எழுத்துல ஒரு வித்தியாசமும் கிடையாது. எடம் பாத்துத்தான் எதுன்னு தெரிஞ்சுக்கணும்."

இப்போது பிள்ளைகள் ஃபோனிடம் கேட்டால் அதுவே கவிதை எழுதிக் கொடுத்துவிடுகிறது. அசைன்மென்ட் கட்டில் அப்படி ஏழெட்டு வரும். எனக்குப் பிடிபடாது, 'நன்று' போட்டுத் தள்ளிவிடுவேன். பெரியம்மா இரண்டாவது வரியிலேயே தாளை ஓரமாக வைத்துவிடுவார்.

"நல்லாத்தான் இருக்கு சின்னம்மா. ஆனா வூடு தெறந்து கெடக்கு, ஃபேன் ஓடுது, உள்ள ஒரு ஆளும் இல்ல."

"அவளக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"எழுதினவள எதுக்குக் கேக்கணும்? அவ ஆயிரம் சொல்லுவா. தாள்ல இருக்கறது மாறாதுல்ல."

பாட்டுக்கு வெளியே போய்ச் சாட்சி தேடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அந்தச் சட்டத்தை வகுப்போடு நிறுத்தியிருக்கலாம். ஒருமுறை கல்லூரி பஸ் டிரைவரைப் பற்றி மொட்டைக் கடுதாசி வந்தது. பிரின்சிபால் அதை ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டினார். பாதி வாசிக்கும்போதே பெரியம்மா, "இது நம்ம ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம்ங்க" என்றேன்.

"நான் தப்பாச் சொன்னேனா?"

தப்பாகச் சொல்லவில்லை.

போன மாசி மாதம் இரண்டாம் வருஷத்துக்கு அறத்தொடு நிற்றல் நடத்தினார். தலைவிக்கு ஒருவன் மேல் காதல். வீட்டுக்கு அது தெரியாது, வேறு இடத்தில் பெண் கொடுக்கப் பார்க்கிறார்கள். அப்போது தோழி துணிந்து தாயிடம் உள்ளதைச் சொல்லிவிடுவாள். அதற்குத்தான் அறத்தொடு நிற்றல் என்று பெயர். அகப்பாட்டிலேயே பெரியம்மாவுக்கு உயிரான இடம் அதுதான். "உண்மையச் சொல்றதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரப் பாருங்கடி" என்று ஒவ்வொரு வருஷமும் கண் கலங்குவார். பாட்டில் வருகிற தாய் எப்போதும் காது கொடுத்துக் கேட்பாள்.

இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரி, தோழி கூற்றாக ஆளுக்கொரு கவிதை எழுதி வரச் சொன்னார். திருத்துகிற வேலை என்னுடையது. தாள்கட்டில் பாதியைக் கடந்தபோது சுகன்யாவின் தாள் வந்தது. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற, கேட்டால் மட்டும் பேசுகிற பெண். பொடிப்பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்.

அம்மா, அவள் சோளக்காட்டுக்குப் போகவில்லை.
லாரி போகும் ரோட்டில்
இலை வெளுத்த புளியமரத்தடியில் நின்றாள்.
துப்பட்டாவில் இருப்பது
நான் தட்டியும் போகாத தூசி.
அவன் சட்டையிலும் அதே தூசி.
கதவைச் சாத்தாதே அம்மா.
நாளை நீ திறக்கும்போது
உள்ளே இருப்பவள் உன் மகளாக இருக்க மாட்டாள்.

பத்துக்கு ஒன்பது போட்டு 'அருமை' என்று எழுதினேன். எழுதியதோடு விட்டிருக்கலாம். என் கையில் ஒரு நல்ல கவிதை சிக்கியிருக்கிறது என்ற பெருமை தாங்காமல் பெரியம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

மூன்று தடவை படித்தார். முகம் இறுகிப்போனது.

"தோழி கூற்றுன்னு போட்டு மார்க் குடுத்திருக்கீங்க. இது தலைவி கூற்று."

"எப்படிங்க?"

"தோழி எட்ட நின்னு பாத்தா சட்டை தெரியும், சட்டையில இருக்கற தூசி தெரியாது. கிட்ட நின்னவதான் தூசியப் பாப்பா." விரலை ஒரு வரியின்மேல் வைத்தார். "இங்கதான் வழுக்கிட்டா. 'நான் தட்டியும்'. தன் துப்பட்டாவத்தானே தட்டுவா? தன் கதையத் தோழி வாயில வச்சுப் பேசுறா, பாவம்."

அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படியே தெரிந்தது. கடைசி வரியை மறுபடியும் படித்தேன்.

"எதுக்கும் அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுருவோம்ங்க."

"கேட்டா இல்லம்பா. அதுக்குள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நீங்களும் நானும் மூஞ்சில முழிக்க முடியுமா? அவ வூட்லதான் பேசணும். கேக்கத்தானே எழுதியிருக்கா."

சனிக்கிழமை மத்தியானம் என் ஸ்கூட்டியில்தான் போனோம். வண்டி ஓட்டியது நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் டிப்பர் லாரிகள். ரோட்டோரப் புளியமரங்கள் அவள் எழுதியிருந்த மாதிரியே வெளுத்துக் கிடந்தன. பின்னால் இருந்து பெரியம்மா என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா" என்றார்.

சுகன்யாவின் வீட்டு வாசலில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். அவள் அப்பா அதைக் காலால் ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார். நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா உள்ளே நிலைப்படியோரம் நின்றார்.

பெரியம்மா பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. குரலை உயர்த்தாமல், ஒரு சொல் கூடாமல் குறையாமல் பேசினார். பெண்ணின் மனது ஓரிடத்தில் இருக்கிறது, அதட்டாமல் கேளுங்கள், படிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்றார். தாளை எடுத்து வாசித்தும் காட்டினார். அந்த மனிதர் கடைசிவரை கேட்டார்.

"நல்லதுங்கம்மா. எங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லுவா? வாத்தியாருங்க சொன்னாத்தான் உண்டு."

முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

காப்பி கொண்டுவந்தது சுகன்யா. பெரியம்மாவின் மடியில் இருந்த தன் தாளைப் பார்த்துவிட்டாள்.

"இது நீ எழுதுனதா பாப்பா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. அசைன்மென்ட்டு. சும்மா எழுதுனது."

"சும்மா எழுதுனது இல்லம்மா இது" என்றார் பெரியம்மா. பாசமாகத்தான் சொன்னார்.

அப்பாவின் குரல் மாறவேயில்லை. "நீ இல்லன்னா வேற யாரு? உங்கூடப் படிக்கிற புள்ளையா? பேரச் சொல்லு. அவங்க அப்பன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வச்சிருவோம்."

சுகன்யா தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"நான்தாம்ப்பா."

பெரியம்மா என் பக்கம் திரும்பி மெல்லத் தலையசைத்தார். தான் படித்தது சரி என்பதற்கான தலையசைப்பு அது. எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

"பையன் யாருன்னு எதுலயாச்சும் எழுதியிருக்காளாம்மா?" நாங்கள் எழுந்திருக்கும்போது அவள் அப்பா கேட்டார்.

இல்லை என்றேன்.

"சரி விடுங்க. அத நாங்க பாத்துக்கறோம். காப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க."

குடித்தோம். ஸ்கூட்டியைத் திருப்பும்போது பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. காயப்போட்ட சோளம் வாசலில் கிடக்கும்போது இந்தப் பக்கம் யாரும் முன்கதவைச் சாத்துவதில்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஃபோன் அணைத்து வைத்திருந்தது. அடுத்த வாரம் அவள் சித்தப்பா ஒரு கடிதத்தோடு டி.சி. கேட்டு வந்தார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தது. அதே பொடிப்பொடி எழுத்து. துறைத்தலைவர் கையெழுத்துக்காக அது பெரியம்மாவிடம் வந்தது. வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார்.

"எழுத்து அவளுது" என்றார். "கூற்று அவளுது இல்ல."

என் லீவ் லெட்டருக்குச் சொன்ன அதே சொல்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வைகாசியில் கல்யாணம் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். மாப்பிள்ளை சொந்தத்தில், வயது ரொம்ப மூத்தவன் என்றார்கள். பெரியம்மா மட்டும் தனியாகப் பஸ் பிடித்து அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போனார். அவள் அம்மா படி இறங்கி வந்து, "நீங்க சொன்னதே போதும்ங்க" என்று கைகூப்பித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பாட்டுல தோழி தாய்கிட்டச் சொல்லுவா. நான் போயி அப்பன்கிட்டச் சொன்னேன்" என்றார் என்னிடம். "படிச்சது சரிதான் சின்னம்மா. சொன்ன எடம்தான் தப்பு."

இதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வகுப்பில் அந்தக் கேள்வி நின்றுபோனது. ஒரு பெண் தானாகவே எழுந்து, "அம்மா, இது யார் கூற்று?" என்று கேட்டதற்கு, "அடியில போட்டிருக்கான், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அருஞ்சொற்பொருள் எழுதப் போட்டார். வருஷம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். போகும்போது, திருத்திய தாள்களெல்லாம் தன்னிடம் இருக்கட்டும் என்று அந்த அசைன்மென்ட் கட்டையும் எடுத்துப் போனார்.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். காணிக்கைத் தானியம் கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில் நல்ல கூட்டம். கம்பு மூட்டைக்குப் பக்கத்தில் சுகன்யா நின்றிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. நான்தான் கிட்டப் போனேன்.

"நல்லாருக்கியா?"

"இருக்கேம்மா. அவரு வண்டி நிறுத்தப் போயிருக்காரு." சுற்றிலும் பார்த்தாள். பிறகு சட்டென்று, பல நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அந்தத் துப்பட்டா என்னுது இல்லம்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் காவலுக்கு அவகூட நின்னேன். தூசியோட வூட்டுக்குப் போனா கேப்பாங்கன்னு நான்தான் தட்டி விட்டேன். அது போவல. அதைத்தான் எழுதுனேன். தோழி கூற்றாத்தானே எழுதச் சொன்னீங்க?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லியிருந்தா அவ வூட்டுக்கும் போயிருப்பீங்கல்ல? அவ அண்ணன்மாருங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதும்மா."

"யாரு அவ?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவள் கோபப்படவில்லை.

"இப்பவும் கேக்கறீங்க பாருங்க" என்றாள். கூட்டத்துக்குள் இருந்து அவள் கணவன் வருவது தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள். "பெரியம்மாகிட்டச் சொல்லிராதீங்க. படிச்சது சரின்னாவது நெனச்சிட்டு இருக்கட்டும். நான் நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. போயிட்டு வரேம்மா."

நான் நேராகப் பெரியம்மா வீட்டுக்குத்தான் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அரியலூரில் சுரங்கத்துப் பக்கம் இருக்கிறது அவர் வீடு. வெடிக்கு வெடி விரிசல் விட்டு, சிமெண்ட் பூசிப் பூசிச் சுவரெல்லாம் கோடு. இளைத்துப்போயிருந்தார். மேசைமேல் அந்த அசைன்மென்ட் கட்டு, நூல் போட்டுக் கட்டியபடி இருந்தது.

"சுகன்யாவப் பாத்தேங்க. நல்லாருக்கேன்னு சொல்லச் சொன்னா."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பார்வை.

"சொல்லச் சொன்னதச் சொல்லிட்டீங்க. சொல்ல வேணாம்னு சொன்னது என்ன?"

எனக்கு நடிக்கத் தெரியாது, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. அவர் வழக்கம்போல அசையாமல் இருந்தார். வெடித்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து அடங்கின.

"தோழி கூற்றுதான்" என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் அழுதால் தேவலை என்று இருந்தது. அழவில்லை. அவர் கை மேசைப் பக்கம் போய், கட்டின் நூலைப் பிடித்தது.

"கூடப் படிக்கிற புள்ளையான்னு அப்பன் கேட்டதும்தானே நான்தான்னா. அப்போ தலைவி இதுக்குள்ளதான் இருக்கா. அறுபது பேர்ல ஒருத்தி. எங்கயாச்சும் ஒரு வரியில வாயத் தெறந்திருப்பா."

"வேணாம்ங்க" என்றேன்.

முடிச்சைப் பாதி அவிழ்த்துவிட்டார். விரல் அங்கேயே நின்றது. பிறகு மறுபடியும் இழுத்துக் கட்டி, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டு, கட்டைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போயிருங்க சின்னம்மா. இங்க இருந்தா படிப்பேன். படிச்சா அவ குரல் கேட்டுரும்."

கட்டு இப்போது என் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. நானும் பிரிக்கவில்லை. பிள்ளைகள் மூன்றாம் வருஷம் வந்துவிட்டார்கள், திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு அங்கேதான். பெயர் கூப்பிடும்போது நான் தலை நிமிர்வதில்லை.